நிலையில்லை

செப்டெம்பர் 27, 1989. ஹே ரிவர்

நாட்குறிப்பு எழுதச் சொன்னவர் கப்டன் ஹெக்டர். ஆற்றைப் படிக்க ஆசைப்படுகிறவன் கண்டதை அன்றன்றே எழுதி வைக்க வேண்டுமாம். எந்த வளைவில் மணல் திட்டு, எந்தக் கரையில் மரம் சரிந்து கிடக்கிறது, தண்ணீர் எங்கே சுழிக்கிறது, எல்லாம். "அடுத்த வருஷம் அந்தத் திட்டு அங்கே இருக்காது. ஆனாலும் எழுது," என்றார். எந்த மொழியில் என்று கேட்டேன். நீ எந்த மொழியில் திட்டுவாயோ அந்த மொழியில் என்றார். ஆகவே தமிழ்.

நான் குலவீரசிங்கம். இங்கே குலா. மக்கென்சி ஆற்றில் எண்ணெய் கொண்டுபோகும் படகொன்றில் சமையற்காரன். அதற்கு இழுவைப் படகு என்று பெயர், ஆனால் அது எதையும் இழுப்பதில்லை. எஞ்சின் இல்லாத இரண்டு தட்டைப் பார்ஜ்களில் எண்ணெயை நிரப்பி முன்னால் கட்டிவிட்டு, பின்னால் நின்று முக்கி முக்கித் தள்ளுகிறது. உச்சியில் சுக்கான் அறை. என் கண் எப்போதும் அங்கேதான். எஞ்சினைப் பார்க்க பெர்க் என்றொரு மனிதர் இருக்கிறார். அவர் வாய் திறப்பது சாப்பிட மட்டும்.

பார்ஜில் கயிறு கட்டுவது, சங்கிலி இறுக்குவது, ஆழம் பார்ப்பது எல்லாம் என் அத்தான் தில்லையம்பலம். அக்காவின் புருஷன். எங்கள் ஊர் மயிலிட்டியில் மீசை முளைக்குமுன்னரே கடலுக்குப் போனவர், அதை ஒரு நாளைக்கு ஒருதரமாவது சொல்லாமல் விடமாட்டார். எங்கள் வீட்டில் கடலுக்குப் போகாத முதல் ஆண் நான். ரொறன்ரோவில் இருவரும் கோப்பை கழுவிச் சலித்து, வடக்கே ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு வந்தோம். அத்தானுக்கு ஆங்கிலத்தில் 'யெஸ்', 'நோ', 'கோப்பி' தெரியும். மற்றதெல்லாம் என் வாயால் போய் என் காதால் திரும்பி வரவேண்டும்.

இது இந்த வருடத்தின் கடைசிப் பயணம். உண்மையில் அதற்கு முந்தியதே கடைசியாக இருந்திருக்க வேண்டும். ஆற்றில் தண்ணீர் குறைவு, குளிரும் முந்திவிட்டது. ஆனால் வடக்கே ஒரு சின்னக் குடியிருப்பில் எண்ணெய்த் தாங்கிகள் காலி. நாங்கள் போகாவிட்டால் அந்தச் சனத்துக்குக் குளிர்காலம் முழுக்க அடுப்பு எரியாது. மற்றக் கப்டன்மார் மாட்டோம் என்றபோது ஹெக்டர் போகிறேன் என்றார்.

மாலையில் சென்னைக்கு டெலிபோன் எடுத்தேன். அக்காவுக்கு விசா வந்துவிட்டது. நவம்பர் முதல் கிழமை இரண்டு பிள்ளைகளோடும் ரொறன்ரோவில் வந்து இறங்குகிறாள். அத்தானோடு கதைத்து முடித்துவிட்டு டெலிபோனை என்னிடம் கொடுக்கச் சொன்னாள்.

"உங்கடை ஆறும் வேண்டாம் கடலும் வேண்டாம். நான் வந்து இறங்கேக்கை அந்தாள் என்ரை கண்ணுக்கு முன்னாலை நிக்கவேணும். நீதான் பொறுப்பு, சொல்லிப்போட்டன்."

ஓமென்று சொன்னேன். வேறு என்ன சொல்வது.

செப்டெம்பர் 29

ஏரியைத் தாண்டி ஆற்றுக்குள் வந்துவிட்டோம். இரு கரையிலும் மரங்கள் மஞ்சளாகி, பாதி உதிர்ந்து நிற்கின்றன. வாத்துகள் கூட்டம் கூட்டமாகத் தெற்கே போகின்றன. நாங்கள் மட்டும் வடக்கே.

இன்று ஒரு வேடிக்கை. மேடான இடங்களில் அத்தான் பார்ஜின் மூக்கில் நின்று நீளமான மரக்கோலைத் தண்ணீருக்குள் விட்டு ஆழம் பார்ப்பார். அவர் தமிழில் கத்துவதை நான் கீழேயிருந்து கேட்டு, ஏணியில் ஏறி ஓடிக் கப்டனிடம் ஆங்கிலத்தில் சொல்லவேண்டும். கோடை முழுவதும் இப்படித்தான் நடந்தது. இன்று நான் ஏணியில் ஏறுவதற்குள் பார்ஜ் மணலில் உரசிவிட்டது. கப்டன் கோபப்படவில்லை. அத்தானை மேலே கூப்பிட்டார். தில்லையம்பலம் அவர் வாயில் டில்லி.

"டில்லி கோலை விடும்போது என்ன சொல்கிறார்? அந்தச் சொல்லையே எனக்குக் கற்றுக்கொடு. இடையில் நீ ஓடவேண்டாம்."

அத்தானுக்குச் சந்தோஷத்தில் ஒரே புளுகம். கோல் தரையில் முட்டினால் 'நிலை'. முட்டாவிட்டால் 'நிலையில்லை'. முதலாவதைக் கேட்டால் நிற்க வேண்டும். இரண்டாவதைக் கேட்டால் ஆழம் இருக்கிறது, முன்னே போகலாம். அவ்வளவுதான் பாடம்.

கப்டன் நாக்கைச் சுழற்றி "நிலே... நிலேயில்லே..." என்றார். அத்தான் விழுந்து விழுந்து சிரித்தார்.

"மச்சான், இந்தாளை மயிலிட்டிக்குக் கொண்டுபோனால் பெண் குடுப்பாங்கள்."

சமையலறைக்குத் திரும்பி உருளைக்கிழங்கு சீவும்போதுதான் நினைத்தேன். ஊரில் நாங்கள் அந்தச் சொல்லைக் கேட்டால் செருப்பைக் கழற்றிவிட்டு ஓடுவோம். குளத்திலோ கடலிலோ ஒருவன் நிலையில்லை என்று கத்தினால், கால் ஊன்ற இடமில்லை, தாழப்போகிறேன் என்று அர்த்தம். இங்கே அதுவே நல்ல செய்தி. இதைக் கப்டனிடம் சொல்லவில்லை. பாடம் ஏற்கெனவே முடிந்துவிட்டது, தேவையும் வரவில்லை.

செப்டெம்பர் 30

மழை. அடுப்பு புகைக்கிறது. வெங்காயத்தில் பாதி அழுகல்.

அக்டோபர் 1

காலையில் கரையோரம் ஒரு பழைய கப்பலின் எலும்புக்கூட்டைக் கண்டோம். விலா மரங்கள் மட்டும் மணலிலிருந்து எழுந்து நிற்கின்றன. அந்தக் காலத்தில் விறகெரித்து, பின்னால் பெரிய சக்கரம் சுழல ஓடிய நீராவிக் கப்பல். அதற்கும் முந்திய காலத்தில் மனிதர்களே தோளில் கயிறு போட்டுக்கொண்டு கரைச் சேற்றில் நடந்து படகுகளை நீரோட்டத்துக்கு எதிராக இழுத்திருக்கிறார்கள். கப்டனின் தாய்வழிப் பாட்டன் முதலில் கயிறு இழுத்தவராம், பிறகு நீராவிக் கப்பலுக்கு வழிகாட்டியானவராம். இந்த ஆற்றின் பழங்குடி மனிதர்.

"பாட்டனுக்கு ஆங்கிலம் தெரியாது. கப்பல் கப்டனுக்கு எங்கள் மொழி தெரியாது. முன்னால் நின்று கையை விரித்துக் காட்டினால் ஆழம், முஷ்டி பிடித்தால் மேடு. பதினைந்து கோடைகாலம் அப்படியே ஓட்டினார்கள்," என்றார் ஹெக்டர்.

"அப்புறம்?"

"அப்புறம் ஒருநாள் கடிக்கிற நுளம்பு மொய்த்தது. பாட்டன் முகத்துக்கு முன்னால் கையை விரித்து விசுக்கினார். கப்டன் முழு வேகத்தில் விட்டார். அதோ, அந்தக் கப்பல்தான்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். யாரும் சாகவில்லையாம். குளிர்காலம் முழுக்க நாய்களுக்கு வைத்திருந்த கருவாட்டைத் தின்று உயிர் தப்பினார்களாம். அதனால்தான் அவருக்குக் கைச்சைகையில் நம்பிக்கை இல்லை. வாயால் சொல்லும் சொல்லைத்தான் நம்புவாராம். "சொல்லில் நுளம்பு உட்காராது," என்றார்.

அத்தானுக்கு மொழிபெயர்த்தேன். அவர் சிரிக்கவில்லை. அந்த விலா மரங்கள் வளைவில் மறையும்வரை பார்த்துக்கொண்டு நின்றார்.

அக்டோபர் 2

வெளியே வைத்த வாளியில் தண்ணீர் உறைந்துவிட்டது. கரையோரம் கண்ணாடி விளிம்பு போல ஐஸ் பிடித்திருக்கிறது. ஆறும் இப்படி உறைந்தால் என்ன செய்வது என்று கேட்டேன். அத்தான்தான் தைரியம் சொன்னார்.

"வாளித்தண்ணி உறையும். ஓடுற தண்ணி எங்கையாவது உறையுமோ? படிச்ச நீ, உனக்கு இதுகூட விளங்கேல்லையே."

அவர் சொன்ன அழுத்தத்தில் எனக்கும் நிம்மதியாகிவிட்டது. மீன் குழம்பு வைத்தேன். தேங்காய்ப்பாலுக்குப் பதில் டின்பால். கப்டன் இரண்டாம் தரம் வாங்கினார்.

சாப்பிடும்போது அத்தானைக் கேட்டேன், வேலை செய்யும்போது ஏன் என்னை மச்சான் என்று கூப்பிடுவதேயில்லை என்று. இங்கே கதையளக்கும்போது வாக்கியத்துக்கு வாக்கியம் மச்சான். பார்ஜில் ஏறிவிட்டால் நான் யாரோ எவரோ.

"கடல்லை உறவு சொல்லிக் கூப்பிடுறேல்லை. அதை எங்கடை அப்பு அடிச்சுப் பழக்கினவர். சொல்லவேண்டியதை ஒருக்காச் சொல்லு, இழுத்துச் சொல்லு, மற்றதைக் காத்து கொண்டுபோயிடும்."

உண்மைதான். அவர் ஆழம் சொல்வது ஒரு பாட்டு. 'நிலையில்...லை' என்று நடுவில் இழுத்து, ஒரே ஒரு தடவை. கோலைத் தூக்கி அடுத்த இடத்தில் விடும்வரை வாய் திறக்கமாட்டார்.

அக்டோபர் 3

ஓடுகிற தண்ணீர் உறையும். அடியிலிருந்து உறையும்.

விடிந்து கொஞ்ச நேரத்தில் அத்தான் என்னைக் கூப்பிட்டார். பார்ஜுக்குப் பக்கத்தில் ஆற்றின் நடுவே சாம்பல் நிறத்தில் ஏதோ மெல்ல மேலே வந்து புரண்டது. பெரிய பஞ்சுப் பொதி போல இருந்தது. அதன் முதுகில் கூழாங்கற்கள் ஒட்டியிருந்தன. பிறகு இன்னொன்று. இன்னும் ஒன்று.

கப்டன் விளக்கினார். வானம் தெளிந்து குளிர் கடுமையாகும் இரவுகளில் ஆற்றின் அடித்தரையில் ஐஸ் பிடிக்குமாம். வெயில் பட்டதும் கல்லோடு பெயர்ந்து மேலே மிதந்து வருமாம். அது கூழாகித் திரண்டு, தட்டுகளாகி, ஒருநாள் ஆற்றை மூடிவிடும். "நமக்கு இன்னும் அவகாசம் இருக்கிறது," என்றார். சொல்லும்போது கண்ணாடிவழியே ஆற்றைத்தான் பார்த்தார், என்னையல்ல.

அந்தக் கூழ் படகின் உடம்பில் உரசும்போது 'உஸ்' என்று ஒரு சத்தம் வருகிறது. சமையலறைச் சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ நின்று மூச்சு விடுவது போல. நாள் முழுக்க. அத்தான் சாப்பிட வந்தார். பாதிச் சோற்றை வைத்துவிட்டுப் போனார்.

அக்டோபர் 4. நோர்மன் வெல்ஸ்

ஊர் மாதிரி ஓர் ஊர். விமான நிலையம் இருக்கிறது. எண்ணெய்க் குழாய் பழுது பார்க்க அரை நாள் நின்றோம்.

அத்தான் தன் பையைக் கட்டிக்கொண்டு சமையலறை வாசலில் வந்து நின்றார்.

"மச்சான், கப்டனிட்டைச் சொல்லு, நான் இஞ்சை இறங்கப்போறன். எனக்கு இந்தத் தண்ணி பிடிபடேல்லை. கடல்லை எது வந்தாலும் மேலாலை வரும், கண்ணாலை கண்டு சமாளிக்கலாம். இது அடியாலை வருது. எனக்கு மனம் சரியில்லை. பிளேன் நிக்குது. போய் வீடு பாக்கவேணும், கட்டில் வாங்கவேணும், பிள்ளையளுக்குக் குளிர்ச்சட்டை வாங்கவேணும். இந்த ஊரிலை வேறை ஆள் பிடிக்கட்டும். கோவிக்கவேண்டாம் எண்டு சொல்லு."

கப்டனிடம் போனேன். நான் வாய் திறக்குமுன் அவர் சொன்னார்: "குலா, நாளையிலிருந்து நீ சுக்கான் அறையில் என்னோடு நில். எஞ்சின் பிடியை உன் கையில் தருகிறேன். டில்லி முன்னால் நிற்கும்வரை எனக்குக் கவலையில்லை. அவர் சொல்லும் எனக்கு விளங்குகிறது. இந்தப் பயணம் முடிந்ததும் உன்னை வழிகாட்டி வேலைக்குச் சிபாரிசு செய்யப் போகிறேன்."

அத்தான் இறங்கினால் மரக்கோல் யார் கைக்கு வரும் என்று யாரும் சொல்லித் தரத் தேவையில்லை.

டில்லிக்கு வீட்டோடு பேச ஆசையாக இருக்கிறது, டெலிபோன் கிடைக்குமா என்று கேட்டேன். அதுவும் அத்தான் மனதில் இருந்ததுதான். "தாராளமாக," என்றார் கப்டன்.

திரும்பி வந்து அத்தானிடம் சொன்னேன், இப்போது வேறு ஆள் கிடைக்காதாம், எண்ணெய் இறக்கியதும் அங்கேயிருந்தே விமானத்தில் அனுப்பி வைப்பாராம், அதுவரை பொறுக்கச் சொன்னார் என்று. எண்ணெய் இறக்கியதும் படகை அங்கேயே விட்டுவிட்டு எல்லோருமே விமானத்தில்தான் போகப்போகிறோம். ஆகவே பொய் என்று எதுவுமில்லை.

"நான் சொன்னது முழுக்கச் சொன்னனியோ? அடியாலை வருது எண்டதும்?"

"சொன்னனான் அத்தான்."

"என்ன சொன்னவர்?"

"பயப்படவேண்டாமாம்."

பையை அவிழ்த்து மறுபடி கட்டிலுக்குக் கீழே வைத்தார். டெலிபோனில் அக்காவிடம் என்ன நிறத்தில் சட்டை வாங்குவது என்று பிள்ளைகளைக் கேட்கச் சொன்னார். மூத்தவளுக்கு நீலம். இளையவளுக்கும் நீலம்தான் வேண்டுமாம், மூத்தவளுடையதைவிடப் பெரியதாக.

அக்டோபர் 5

எஞ்சின் பிடி என் கையில்! முன்னே தள்ளினால் இத்தனை பெரிய பாரம் முழுவதும் ஒரு நொடி யோசித்துவிட்டு, பிறகு என் சொல்லுக்குக் கட்டுப்பட்டு நகர்கிறது. சந்தோஷத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. கப்டன் சுக்கானைப் பிடித்தபடி எனக்குத் தண்ணீரை வாசிக்கச் சொல்லித் தந்தார். நெளிநெளியாக இருந்தால் மேடு. எண்ணெய் பூசியது போல மினுங்கினால் ஆழம்.

தூரத்தில் பார்ஜின் மூக்கில் அத்தான் சின்னதாகத் தெரிந்தார். "நிலையில்...லை." கப்டன் என்னைப் பார்த்துக் கண் சிமிட்டி, "முன்னே," என்றார். தள்ளினேன்.

மதியம் சோறு அடிப்பிடித்துவிட்டது. அப்படியே தின்றார்கள்.

அக்டோபர் 7

ஐஸ் தட்டுகள் வட்டமாக, ஓரம் மடிந்து, ஒன்றோடொன்று முட்டி முட்டிக் கூடவே வருகின்றன. உஸ் சத்தம் இப்போது இரைச்சலாகிவிட்டது. பெர்க் கூடக் கீழேயிருந்து வந்து எட்டிப் பார்த்துவிட்டு ஏதோ கெட்ட வார்த்தை சொன்னார். கப்டன் சவரம் செய்வதை விட்டுவிட்டார். திரும்பிப் போவது என்ற பேச்சே இல்லை. முன்னால் இருக்கும் திட்டைத் தாண்டினால் குடியிருப்பு ஒரு நாள் ஓட்டம்.

அத்தான் கைகள் வெடித்திருக்கின்றன. தேங்காயெண்ணெய் போட்டுவிட்டேன். கையை நீட்டிக்கொண்டு இருந்தார். பிறகு, "உனக்குச் சுக்கான் அறை நல்ல பொருத்தம் மச்சான். சூடாவும் இருக்கு," என்றார். குத்தலா பாராட்டா என்று தெரியவில்லை. பாராட்டு என்றே எடுத்துக்கொள்கிறேன்.

அக்டோபர் 8

திட்டுக்கு மேல் வந்து நிற்கிறோம். ஆறு இங்கே ஐந்தாறு வாய்க்கால்களாகப் பிரிகிறது. எது ஆழமென்று பார்ஜிலிருந்து பார்க்க முடியாது. நாளைக் காலையில் சின்ன அலுமினியப் படகில் அத்தான் முன்னால் போவார். கோலை விட்டுவிட்டுச் சத்தம் கொடுப்பார். நாங்கள் அந்தச் சத்தத்தின் பின்னாலேயே மெல்ல இறங்குவோம். நீராவிக் கப்பல் காலத்திலும் இப்படித்தானாம்.

அத்தான் கேட்டார், "நான் ஒருத்தன்தானோ?" ஆமென்றேன். மிதவைச் சட்டையின் வாரைச் சரிபார்த்துக்கொண்டார்.

அக்டோபர் 9

காலையில் கடும் பனிப்புகை. குளிர்ந்த காற்றுக்குத் தண்ணீர் ஆவி விட்டது. பார்ஜின் மூக்கே தெரியவில்லை. கப்டன் கொஞ்சம் காத்திருந்தார். ஐஸ் பின்னாலிருந்து அழுத்திக்கொண்டே இருந்தது. காத்திருந்தால் அந்த இடத்திலேயே உறைந்துபோவோம். போகலாம் என்றார்.

அத்தான் படகில் இறங்கினார். எஞ்சினைப் பின்னோக்கி ஓடவிட்டு எங்களை நீரோட்டத்தில் நிறுத்தி வைத்திருந்தேன். கப்டன் ஜன்னலைத் திறந்து காதைக் கொடுத்தபடி நின்றார். "நிலை." நின்றோம். "நிலை." நின்றோம். பிறகு வலப்பக்கமாக, "நிலையில்...லை." கப்டன் சுக்கானைத் திருப்பினார். "முன்னே." தள்ளினேன். இப்படிப் பாதித் தூரம் வந்துவிட்டோம்.

ஏதோ தகரம் கல்லில் அடித்தது போலச் சத்தம் கேட்டது. அதன் பிறகு, நிலையில்லை என்றார் அத்தான்.

"முன்னே," என்றார் கப்டன்.

மறுபடியும் நிலையில்லை. "அருமை. நல்ல ஆழம் போலிருக்கிறது. முன்னே, குலா." என்னைத் திரும்பிப் பார்த்தார். "முன்னே. கேட்டாயல்லவா?"

மூன்றாவது தடவையும் கேட்டது. கப்டன் சொன்னார். நான் தள்ளினேன்.

அதற்குப் பிறகு ஒன்றும் கேட்கவில்லை. கப்டன் ஜன்னலுக்கு வெளியே எட்டி "நிலேயில்லே? டில்லி? நிலேயில்லே?" என்று கத்தினார். புகை கலையும்போது பார்ஜின் பக்கத்தில் அலுமினியப் படகு கவிழ்ந்து உரசிக்கொண்டு போவது தெரிந்தது. மரக்கோல் ஐஸ் தட்டின்மேல் கிடந்தது. பார்ஜ் அதற்குள் அந்த இடத்தைத் தாண்டிவிட்டது.

இதற்குமேல் எழுத முடியாது.

அக்டோபர் 10

நேற்று இருட்டும்வரை தேடினோம். இன்றும் தேடினோம். கொக்கி, கயிறு, கம்பி. பெர்க் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, கால் விறைத்துத் தூக்கி வரவேண்டியதாயிற்று.

ஆறு அத்தான் சொன்னதைக் கேட்டு நடந்தது போல, திட்டு தாண்டி ஆழமாகவே இருக்கிறது.

அக்டோபர் 12. குடியிருப்பு

எண்ணெய் இறக்கியாகிவிட்டது. தாங்கிகள் நிறைந்துவிட்டன. வீடுகளின் புகைபோக்கியெல்லாம் புகைகிறது. சனங்கள் கரைக்கு வந்து ஒருவர் பின் ஒருவராக என் கையைப் பிடித்துவிட்டுப் போனார்கள். ஒரு பெண் உலர்ந்த மீன் கட்டொன்றைக் கையில் தந்தாள். இவர்களுக்குக் குளிராது. அது ஒன்றையே திரும்பத் திரும்ப எனக்குச் சொல்லிக்கொள்கிறேன்.

ஹெலிகொப்டரில் ஒரு பொலிஸ்காரர் வந்தார். இளைஞர், மரியாதையானவர். கப்டன் நடந்ததை நடந்தபடி சொன்னார். பொலிஸ்காரர் என் பக்கம் திரும்பினார்.

"அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம்?"

"தரை தட்டவில்லை. ஆழம் இருக்கிறது."

"அதற்கு வேறு அர்த்தம் எதுவும் உண்டா?"

கப்டன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தச் சொல்லைப் பிரித்தாலும் சேர்த்தாலும் அதுதான் அர்த்தம். நிலை, இல்லை.

"இல்லை," என்றேன்.

உடல் இனி வசந்தத்தில்தான் என்றார் பொலிஸ்காரர். அவர் போன பிறகு கப்டன் என்னருகே வந்து உட்கார்ந்தார்.

"குலா, டில்லி எப்போதும் ஒரு தடவைதானே சொல்வார்?"

"பனிப்புகையில் எதிரொலித்திருக்கும் கப்டன்."

தலையாட்டினார். நம்பினாரா என்று தெரியவில்லை. எழுந்து போகும்போது தோளைத் தட்டினார். சிபாரிசு செய்வதாகச் சொன்னதை மறக்கவில்லை என்றார்.

அக்டோபர் 15

ஆறு மூடிவிட்டது. இரைச்சல் நின்றுவிட்டது. விமானத்துக்குக் காத்திருக்கிறோம்.

அத்தானின் பையை எடுத்துக் கட்டினேன். அன்று அவிழ்த்த பை. அவர் கட்டிய முடிச்சு எனக்கு வராது.

நவம்பர் 4. ரொறன்ரோ

அக்காவுக்கு முன்னமே செய்தி சொல்லப்பட்டுவிட்டது. விசாவும் டிக்கெட்டும் இருந்ததால் வந்தாள். வேறு எங்கே போவாள். இரண்டு நீலச் சட்டைகளோடு விமான நிலையத்தில் நின்றேன். இரண்டும் ஒரே அளவு. இளையவள் முகம் சுருக்கினாள்.

அக்கா அழவில்லை. என்னைக் கட்டிப்பிடிக்கவும் இல்லை. என் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று ஒருமுறை பார்த்தாள். பெட்டிகள் வரும் இடத்தில் பிள்ளைகளைத் தள்ளி நிற்கவைத்துவிட்டுக் கேட்டாள்.

"கடைசியா என்ன சொன்னவர்?"

பொலிஸ்காரரிடம் சொன்னதையே சொல்ல வாயெடுத்தேன். ஆனால் இவளுக்கு மொழிபெயர்ப்பு எதற்கு?

"நிலையில்லை எண்டவர்."

அவள் முகம் வெளிறியது. மயிலிட்டிக் கரையில் பிறந்தவள்.

"நிலையில்லை எண்டு கத்தினவரோ? எத்தினை தரம்?"

"மூண்டு தரம்."

"அப்ப ஏன்டா ஒருத்தரும் கயிறு எறியேல்லை?"

"அக்கா, அங்கை அதுக்கு வேறை அர்த்தம். ஆழம் இருக்கு, வா எண்டு அர்த்தம். கப்டனுக்கு அப்பிடித்தான் பழக்கினது."

"கப்டனுக்குச் சரி." என் கண்ணையே பார்த்தாள். "உனக்கு?"

பெட்டிகள் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தன. அவளுடையது எதுவென்று கேட்டேன். கறுப்புப் பெட்டி, சிவப்புக் கயிறு கட்டியது என்றாள்.

நவம்பர் 5

கப்டனிடமிருந்து டெலிபோன் வந்தது. வசந்தத்தில் வழிகாட்டி வேலை எனக்குத்தானாம். யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

ஒன்றை மட்டும் எழுதாமல் விட்டிருந்தேன். மூன்றாவது தடவை அத்தான் 'நிலையில்லை மச்சான்' என்றார்.